கட்டாதவர் யார்?

(மன்னார்த் தீவிலும் பெருநிலத்திலுமிருந்து வந்த உழவரும் உத்தியோகத்தரும் கூடியிருந்த கூட்டத்தில், கட்டாக்காலி நாய்களைப் பற்றி நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவின் வடிவம்.)



நிலத்தைப் பற்றியும் கடலைப் பற்றியும் மொழியைப் பற்றியும் பேசிப் பழகிய மேடையிலே இன்று நாயைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். "வேறு பேச்சே இல்லையா?" என்று சிலர் உள்ளுக்குள் நகைப்பது எனக்குத் தெரிகிறது. நகையுங்கள், குற்றமில்லை. ஆனால் ஊரின் வீதி யாருக்கு உரியது, அதில் யார் அச்சமின்றி நடக்கலாம், அங்கு விளையும் துன்பத்தை யார் தாங்குவது என்னும் கேள்விகள் அரசியற் கேள்விகளேயாகும். கொழும்பிலே நாம் கேட்டுக்கொண்டிருக்கும் உரிமைகள் கைக்கு வர எத்தனை காலமாகுமோ! நம் வாசலிலே கிடக்கும் இந்தச் சிக்கலைத் தீர்க்கும் அதிகாரமோ ஏற்கெனவே நம் கையில் இருக்கிறது. இருந்தும் அதை நாம் எடுத்தாளவில்லை. அதனாலேதான் இந்தப் பேச்சு.

இத்தீவிலே பொழுது எப்படிப் புலர்கிறது என்பதை நீங்கள் அறிவீர்கள். கடற்றொழிலாளி இருட்டோடு சைக்கிளில் கரைக்குப் புறப்படுகிறான். எருக்கலம்பிட்டியிலும் தாராபுரத்திலும் முதியவர் சுபஹுத் தொழுகைக்காகப் பள்ளிவாசலை நோக்கி நடக்கிறார். பேசாலையிலும் தாழ்வுபாட்டிலும் தாய்மார் முதற் பூசைக்குப் போகிறார்கள். இவர்கள் எல்லாருக்கும் அவ்வேளையில் எதிர்ப்படுவது சந்தியிலே கூடி நிற்கும் நாய்க்கூட்டம். அது சைக்கிளைத் துரத்துகிறது. தொழிலாளி விழுந்து முழங்கால் உடைகிறான். அன்றைய உழைப்பு போயிற்று. முதியவரின் உடையில் அதன் வாய் படுகிறது. நாயின் எச்சில் பட்ட இடத்தை ஏழு தடவை கழுவித் துப்புரவாக்க வேண்டும் என்பது அவர் பின்பற்றும் மார்க்கச் சட்டம். அவர் ஜமாஅத்தைத் தவறவிட்டு வீடு திரும்புகிறார். பள்ளிக்கூடம் போகும் சிறுமி ஒருமுறை கடிபட்டாளாயின், பிறகு அந்த ஒழுங்கையால் போவதில்லை. சுற்றிப் போகிறாள், அல்லது போகாமலே விடுகிறாள்.

தாம்போதியைக் கடந்து பெருநிலத்துக்கு வாருங்கள். கட்டுக்கரைக் குளத்து நீரை நம்பி வாழும் நானாட்டான், முருங்கன், அடம்பன் உழவர்களுக்கு நாய் வேண்டாத பொருளன்று. பன்றி காக்க, பட்டி காக்க, தனித்த வீட்டைக் காக்க அது வேண்டும். ஆனால் அதே உழவன் விடியும்போது பட்டியிலே இரண்டு ஆடு குடல் சரிந்து கிடக்கக் காண்கிறான். யாருடைய நாய்? கேட்டால் ஒருவரும் உரிமை கொண்டாடுவதில்லை. காவலுக்கு மட்டும் அது என் நாய். கடித்த பின் அது ஊர் நாய்!

இந்த நிலையில் நம்மவர் இரண்டு கட்சியாய்ப் பிரிந்து நிற்கின்றனர். ஒரு கட்சி, "நாய்தானே, அடித்துத் தொலையுங்கள்" என்கிறது. மற்றக் கட்சி, "பாவம், வாயில்லாச் சீவன், அதுவும் இன்பமாய் வாழட்டும்" என்கிறது. இரண்டு கட்சியாரையும் எனக்குத் தெரியும். இருவரும் கெட்டவர்களல்லர். கடித்த நாயைக் கண்டு கொதிப்பவன் பெரும்பாலும் பிள்ளையைப் பெற்றவன். சந்தியிலே சோறு வைப்பவள் பெரும்பாலும் தான் உண்ணுமுன் பிற உயிருக்குக் கொடுத்துப் பழகியவள். எனினும் முதற் கட்சியார் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: "கொல்லுங்கள்" என்பவர் ஒருபோதும் தம் கையால் கொல்வதில்லை. அந்த வேலையை நகர சபையின் அடிமட்டத் தொழிலாளியின் தலையிலே கட்டிவிட்டு, ஓலம் கேளாதபடி யன்னலைச் சாத்திக்கொள்கிறார். இரண்டாம் கட்சியாரும் ஒன்றை எண்ண வேண்டும்: மோட்டார் வண்டியின் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து நாய்க்கு இரங்குவது எளிது. நடந்து போகிறவனும் சைக்கிளில் போகிறவனுமே கடிபடுகிறான். நம்முடைய கருணைக்கு விலையைப் பிறன் கெண்டைக்காலிலிருந்து கொடுப்பது எந்த அறம்?

நாயின் இன்பம் ஒரு பொருளா என்று கேட்கிறார்கள். பொருள்தான். அதில் எனக்கு ஐயமில்லை. நமது மூன்று சமயத்தவரும் இதில் ஒன்றுபட்டே நிற்கிறோம் என்பதை மறக்கக் கூடாது. சைவர், வைணவர் அறிந்த பாரதக் கதையிலே தருமன் தன்னோடு நடந்துவந்த நாயை விட்டுச் சொர்க்கம் புக மறுக்கிறான். வைரவருக்கு அதுவே வாகனம். கத்தோலிக்கரின் வேதாகமத்திலே தோபியாசு இளைஞன் வழிநடந்தபோது நாயும் உடன் சென்றது. செல்வன் வாசலிலே கிடந்த ஏழை லாசரின் புண்ணை நக்கியவையும் நாய்களே. நாயின் எச்சிலைத் தவிர்க்கும் இஸ்லாமிய மார்க்கத்திலேயே, தாகத்தால் ஈரமண்ணை நக்கிய நாயொன்றுக்குக் கிணற்றில் இறங்கித் தன் காலணியில் நீர் மொண்டு கொடுத்தவனின் பாவம் மன்னிக்கப்பட்டதாக நபிமொழி உண்டு. தூய்மை வேறு, இரக்கம் வேறு என்று அந்த மார்க்கம் எவ்வளவு தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறது! நாயைத் தொடாதிருக்க ஒருவனுக்கு உரிமை உண்டு. அதை வதைக்க எவனுக்கும் உரிமை இல்லை. மேனாட்டிலே பெந்தம் என்னும் சட்ட அறிஞர் 1789ஆம் ஆண்டிலே, பிராணிகள் விஷயத்திற் கேட்கவேண்டியது அவற்றுக்கு அறிவு உண்டா என்பதன்று, அவை துன்பப்படுமா என்பதே என வாதாடினார். நம்மவர் அதற்கு முன்பே அறிந்த செய்திதான்.

ஆனால் இன்னொரு கேள்வியையும் கேட்டேயாக வேண்டும். வீதியிலே அலையும் நாய் உண்மையாகவே இன்பமாய் வாழ்கிறதா? "சுதந்திரமாய்த் திரிகிறது" என்கிறோம். வைகாசி வெயிலிலே மன்னார்ப் பட்டினத்துத் தார் வீதியைப் பாருங்கள். சொறி பிடித்து உரோமம் உதிர்ந்து, உண்ணி மொய்த்து, வண்டி ஏறிய காலை இழுத்துக்கொண்டு நிழல் தேடுகிற அந்தச் சீவனின் சுதந்திரம் எத்தகையது! பெட்டை நாய் கருவுற்றால் அறுபத்துமூன்று நாள் அளவிலே குட்டி போடும். ஆண்டுக்கு இரண்டு முறையும் போடக்கூடும். அந்தக் குட்டிகளிற் பெரும்பாலானவை ஓராண்டைக் காண்பதில்லை. பசியாலும் நோயாலும் சக்கரத்தாலும் சாகின்றன. எஞ்சியவை அடுத்த குட்டிகளைப் போடுகின்றன. நாம் இரக்கம் என்று பெயரிட்டு நடத்துவது இந்த மரண ஆலையைத்தான். சந்தியிலே சோறு வைத்துவிட்டு, அந்த நாய்க்குக் கருத்தடைச் சிகிச்சையும் செய்விக்காமல், ஊசியும் போடுவிக்காமல் போகிறவர் தம் மனத்தின் இன்பத்துக்காகச் செய்கிறாரேயன்றி நாயின் இன்பத்துக்காகச் செய்வதில்லை. சொல்வது கடினமாயிருக்கலாம், சொல்லாமல் விட முடியவில்லை.

நமது தமிழிலே ஓர் அருமையான சொல் உண்டு: கட்டாக்காலி. ஈழத்துத் தமிழர் நாவிலே இது நாள்தோறும் புழங்குகிறது. 'காலி' என்றால் ஆநிரை. கட்டாத காலி கட்டாக்காலி. தெரு நாய் என்னும்போது நாயைத் தெருவே பெற்றுப் போட்டது போலத் தோன்றுகிறது. கட்டாக்காலி என்று சொன்ன மாத்திரத்தில், கட்ட வேண்டிய ஒருவர் கட்டாமல் விட்டார் என்பது வெளிப்படுகிறது. அவர் யார் என்று அந்தச் சொல்லே கேட்கிறது! நாய் காட்டிலிருந்து வந்து நம் சந்தியிலே குடியேறவில்லை. யாரோ வளர்த்து, பெட்டைக்குட்டி என்று கண்டதும் சாக்கிலே கட்டிச் சந்தையடியில் விட்டதன் சந்ததியே அது. யுத்த காலத்திலே ஊரோடு இடம்பெயர்ந்தபோது விடப்பட்டவையும் உண்டு. அதற்கு யாரையும் குறை கூறேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதே பெரும்பாடாயிருந்த காலம் அது.

அனுராதபுரத்திலிருந்து நாற்பத்து நான்கு ஆண்டு ஆண்ட தமிழ் மன்னன் எல்லாளனை நீங்கள் அறிவீர்கள். அவன் மகனுடைய தேர்ச்சக்கரத்தில் ஒரு கன்று இறந்தது. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அடித்தது. அரசன் மகனையே அச்சக்கரத்தால் தண்டித்தான். இதைப் புகழ்ந்து எழுதியது நமது நூல் மட்டுமன்று; அவனைப் பகைவனாகக் கொண்ட மகாவம்சமே எழுதி வைத்தது. அந்தத் தண்டனையின் கடுமையை இன்று எவரும் ஒப்பார், நானும் ஒப்பேன். ஆனால் கவனியுங்கள்: அவன் பசுவைக் கண்டு கண்ணீர் வடித்து, ஒரு பிடி புல்லைக் கொடுத்து அனுப்பவில்லை. தேர் யாருடையது என்று கேட்டான். ஒரு பிராணியின் துன்பத்தை நீதிமன்றத்து வழக்காக எடுத்து, பொறுப்பு எந்த மனிதனுடையது என்று தேடினான். நாய் விஷயத்திலே அந்த ஒரு கேள்வியைத்தான் நாம் இன்னும் கேட்கவில்லை.

கொல்லுவதால் தீருமா என்பதைப் பார்ப்போம். இது புதிய யோசனையன்று. உலகம் பலமுறை செய்து பார்த்தது. 1832ஆம் ஆண்டு பம்பாயிலே கும்பினி ஆட்சியினர் கோடை காலத்தில் நாயைக் கொல்லும் ஒழுங்கை நீட்டித்து, நாய் ஒன்றுக்கு எட்டணா கொடுத்தனர். எட்டணாவுக்காகச் சேவகர் வீட்டு நாய்களையும் பிடிக்கலாயினர். நாயைப் புனிதமாகக் கொள்ளும் பார்சிகள் ஆனி மாதத்திலே கிளர்ந்தெழுந்தனர், கடைகள் அடைக்கப்பட்டன, கோட்டையிலிருந்த வெள்ளையருக்கு உணவுப் பொருளே போகாமல் நின்றது. ஆட்சியினர் பணிந்து, நாய்களைக் கொல்லாமல் நகருக்கு வெளியே கொண்டுபோய் விட இணங்கினர். நாய் காரணமாக ஒரு நகரமே அரசினரை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தது. அரசியலில் நாய்க்கு இடமில்லை என்பவர்கள் இதைப் படிக்க வேண்டும். (சிரிப்பு)

நமக்கு அண்டையிலுள்ள சென்னையைப் பாருங்கள். அங்கே மாநகராட்சி 1860ஆம் ஆண்டளவிலே நாய் பிடித்துக் கொல்லத் தொடங்கியது. நூற்றுமுப்பது ஆண்டுக்கு மேல் கொன்றது. 1990களிலும் நாளொன்றுக்கு நூற்றுக்கு மேற்பட்ட நாய்களைக் கொன்றுகொண்டிருந்தது. நாய் குறைந்ததா? இல்லை. ஒரு சந்தியிலே குப்பை இருக்கும்வரை அந்தச் சந்திக்கு நாயும் இருக்கும். இருந்ததைக் கொன்றால் அயல் சந்தியிலிருந்து வேறொன்று வரும். வந்தது ஊசி போடாததாயும் வழக்கமறியாததாயும் இருக்கும். 1959இல் அங்கே அமைந்த நீலச் சிலுவைச் சங்கத்தார், கொல்வதை விட்டுக் கருத்தடை செய்யுங்கள் என்று 1964 முதலே சொல்லி வந்தனர். மாநகராட்சி அதற்கு இணங்கியது 1996இலே. முப்பத்திரண்டு ஆண்டு! அதற்கிடையிலே எத்தனை ஆயிரம் நாய் செத்தது, எத்தனை பிள்ளை கடிபட்டது!

தீவிலே வாழும் நமக்கு இன்னொரு கதை உறைக்கும். 1910ஆம் ஆண்டு துருக்கியின் தலைநகராயிருந்த இஸ்தான்புல் நகரத்து ஆட்சியினர், வீதி நாய்களைப் பல்லாயிரக்கணக்கிற் பிடித்துக் கப்பலேற்றிச் சிவ்ரியாடா என்னும் நீரற்ற பாறைத் தீவிலே இறக்கினர். கொல்லவில்லை என்று சொல்லிக்கொள்ளத்தான் இந்த ஏற்பாடு. பசியாலும் தாகத்தாலும் ஒன்றையொன்று தின்று அவை மடிந்தன. காற்று அடித்தபோது அவற்றின் ஓலம் கரையிலே கேட்டதாம். கண்ணுக்குத் தெரியாத இடத்திற்கு அனுப்பிவிட்டால் தீர்ந்தது என்று நினைப்பவர், பெருநிலத்துக் காட்டிலே லொறியால் கொட்டச் சொல்பவர், இதையும் நினைக்க வேண்டும். மன்னார் நாயை மடு வீதியிலே விட்டால் மடு வீதிக்காரன் மனிதனில்லையா?

நமது நாட்டிலே வெள்ளையர் காலந்தொட்டு நாய் வண்டி ஓடியது. 2006ஆம் ஆண்டு கொல்லும் முறையை அரசினர் கொள்கையளவில் நிறுத்தினர். நல்லது. ஆனால் கொல்லாமை என்பது பாதி வேலை. மீதிப் பாதியாகிய ஊசியும் கருத்தடையும் பதிவும் ஊருக்கு ஊர் அரைகுறையாய்க் கிடக்கின்றன. பணம் ஓராண்டு வரும், மறு ஆண்டு வராது. மிருக வைத்தியர் உள்ள இடத்திலே மருந்து இராது. மருந்து வந்த இடத்திலே நாய் பிடிக்க ஆள் இராது. கொல்லவுமில்லை, காக்கவுமில்லை என்ற இந்த நடுத்தெரு நிலையிலேதான் இரண்டு கட்சியாரின் சண்டை வளர்கிறது.

இந்தியாவின் உயர்நீதிமன்றமே இதில் தடுமாறியதை அண்மையிற் கண்டோம். 2025 ஆகஸ்ட் 11ஆம் நாள் இரு நீதிபதிகள், தில்லியிலும் சுற்றுப்புறத்திலும் உள்ள தெரு நாய்கள் அனைத்தையும் எட்டு வாரத்திற் பிடித்துக் காப்பகத்திலிடக் கட்டளையிட்டனர். காப்பகம் எங்கே? பதினொரு நாள் கழித்து மூன்று நீதிபதிகள் அதை மாற்றி, கருத்தடையும் ஊசியும் செய்து எடுத்த இடத்திலேயே விடுக, விசர் பிடித்ததையும் மூர்க்கமானதையும் விடற்க, சோறு வைப்பதற்கு வார்டு தோறும் இடம் குறிக்க என்றனர். அதே ஆண்டு நவம்பர் 7ஆம் நாள், பள்ளி, வைத்தியசாலை, பேருந்து நிலையம், புகையிரத நிலையம் ஆகியவற்றின் வளவுகளிலிருந்து நாய்களை அகற்றவும், அங்கே மீண்டும் விடாதிருக்கவும் உத்தரவாயிற்று. இதைப் பற்றி அங்கே பெரிய கூக்குரல். என் கருத்தைக் கேட்பீர்களாயின், ஆகஸ்ட் 11இன் கட்டளை நடவாத காரியம். பின்னையவற்றிலே நமக்குப் பாடமுண்டு. எல்லா இடமும் எல்லாருக்கும் என்பதில்லை. நோயாளி படுத்திருக்கும் விறாந்தையிலும் சிறுவர் பள்ளி முற்றத்திலும் நாய்க்கு உரிமையில்லை. மற்ற இடத்திலே அதன் உயிருக்கும் உடலுக்கும் ஊறு செய்ய மனிதனுக்கு உரிமையில்லை.

இங்கே கழுதையைப் பற்றி ஒரு சொல். மன்னார்க் கழுதை இலங்கை முழுதும் பேர்பெற்றது. அராபிய வணிகர் கொண்டுவந்ததாக வழிவழிச் சொல். லொறி வந்ததும் அதன் வேலை போயிற்று. வேலை போனதும் நாம் அவிழ்த்து விட்டோம். வீதியிலே அடிபட்டும் நெகிழிப்பை தின்றும் திரிந்த அச்சீவன்களுக்கென ஒரு தொண்டு நிறுவனத்தார் இத்தீவிலே மருத்துவ நிலையம் ஒன்றை அமைத்தார்கள். சுற்றுலாப் பயணிகள் பெருக்கமரத்தைப் பார்த்துவிட்டுக் கழுதையையும் பார்க்கப் போனார்கள். கழுதைக்கு வந்த வாழ்வு! என்றாலும் எனக்கு மகிழ்ச்சியே. கவனிக்க ஆளும், பெயரும், மருந்தும் கிடைத்ததும் 'தொல்லை' என்றிருந்தது 'நம்முடையது' ஆயிற்றே. நாய்க்கு அந்த வாய்ப்பை நாம் கொடுக்கவில்லை.

இனி விசர்நாய்க்கடி. உழவர்களே, இதைச் சற்று நிதானமாய்க் கேளுங்கள். உலகிலே ஆண்டுதோறும் ஏறக்குறைய ஐம்பத்தொன்பதினாயிரம் பேர் இந்நோயால் மடிவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நாயால் வருவது. நமது நாட்டிலே 1973ஆம் ஆண்டு முந்நூற்றெழுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஊசியின் பயனால் அது பின்னர் ஆண்டுக்கு இருபது, முப்பது என்ற அளவுக்கு இறங்கியது. இறங்கியது என்பதற்காக மறந்துவிடலாகாது. குறி தோன்றிய பின் இந்நோய்க்கு மருந்தில்லை. கடித்த சில வாரத்திலும் தோன்றலாம்; சில மாதம் கழித்தும் தோன்றலாம். ஆகவே கடிபட்டவுடன் காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரிலே கால் மணி நேரம் கழுவுக. விஷகடி வைத்தியரிடம் பார்வை பார்க்கப் போய் நாளைக் கடத்தாமல், அரசினர் வைத்தியசாலைக்குப் போகுக. ஊசிக்கு அங்கே காசில்லை. நாய்க்குட்டி கடித்தால் ஒன்றுமில்லை என்பது பொய். வீட்டு நாய் கடித்தால் ஒன்றுமில்லை என்பதும், ஊசி போட்ட நாயாயிராவிட்டால், பொய்யே.

மாட்டுக்கும் ஆட்டுக்கும் இது வரும். பட்டியிலே ஒரு மாடு தீன் விழுங்க மாட்டாமல் எச்சில் வடிய நிற்கும். குரல் மாறிக் கத்தும். தொண்டையிலே கொட்டையோ கயிறோ சிக்கிக்கொண்டது என்று எண்ணி உழவன் வாய்க்குள் கையை விடுவான். விடாதீர்கள்! அப்படிக் கைவிட்டு நோயை வாங்கியவர் உண்டு. மிருக வைத்தியரை அழையுங்கள், பிள்ளைகளை விலக்குங்கள்.

ஓர் ஊரிலுள்ள நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்கு ஊசி போட்டால் அந்த ஊரிலே நோய் பரவாது என்று உலக சுகாதார நிறுவனத்தார் வகுத்துள்ளனர். கடிபட்ட மனிதனுக்குப் பின்னாலே செலவாகும் மருந்தோடு ஒப்பிட்டால், கடிக்குமுன் நாய்க்குப் போடும் ஊசியின் விலை மிகச் சிறிது. ஆனால் எழுபது என்று கணக்கிட முதலிலே நூறு எத்தனை என்று தெரிய வேண்டுமே! மன்னார் நகரிலே எத்தனை நாய்? அவற்றில் எத்தனைக்கு ஆள் உண்டு? நகர சபையைக் கேளுங்கள்; பிரதேச சபையைக் கேளுங்கள்.

கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. நாய்களைப் பதிவு செய்யும் கட்டளைச் சட்டம் 1901ஆம் ஆண்டிலேயே பிறந்தது. விசர்நாய்க்கடிச் சட்டம் அதற்கும் முந்தியது, 1893. பதியும் கடமை உள்ளூராட்சி மன்றங்களுடையது. கொடுமை தடுக்கும் சட்டம் 1907இலே வந்தது. அன்றைக்கு விதித்த நூறு ரூபாத் தண்டம் நூறாண்டு கடந்தும் நூறு ரூபாவாகவே நின்ற கேலிக்கூத்தை நீங்கள் அறிவீர்கள். வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரிலே முடிந்து, பின்னர் ஆண்டுகள் பல தேர்தலின்றிக் கழிந்தன. அதற்காக நாம் குரல் எழுப்புகிறோம், எழுப்ப வேண்டும். உள்ளூராட்சி மன்றங்களும் 2023 பங்குனி முதல் ஈராண்டு மக்கள் பிரதிநிதிகள் இல்லாமற் கிடந்தன. ஆனால் 2025 மே 6ஆம் நாள் நாம் வரிசையில் நின்று வாக்களித்தோம். மன்னார் நகர சபை, மன்னார், நானாட்டான், முசலி, மாந்தை மேற்குப் பிரதேச சபைகள் என ஐந்து மன்றங்களுக்கு நம்மவர் தெரிவாயினர். அதிகாரம் தா என்று கொழும்பைக் கேட்கும் நாம், கையிலுள்ள அதிகாரத்தால் ஒரு நாயின் கழுத்திலே வார் கட்டிக் காட்ட வேண்டாமா? (கைதட்டல்)

கைதட்டியது போதும். இந்த மண்டபத்திலே வீட்டில் நாய் உள்ளவர்கள் கையை உயர்த்துங்கள். (பெரும்பாலோர் உயர்த்தினர்.) நல்லது. இந்த ஆண்டு ஊசி போட்ட அட்டை உள்ளவர்கள் மட்டும் உயர்த்திய கையை இறக்காதிருங்கள். (பல கைகள் இறங்கின.) இறங்கிய கைகளை எண்ண நான் முற்படவில்லை. கட்டாக்காலி நாய்களைப் பற்றிப் பேசுகிறோம். அவற்றின் தாயகம் எங்கேயிருக்கிறது என்பதை நீங்களே பார்த்தீர்கள்.

நான் வேண்டுவது பெரிதன்று. ஐந்து மன்றங்களும் ஒன்றுகூடி ஒரே பருவத்திலே நாய்களை எண்ணட்டும். நகர சபை மட்டும் செய்தால் பயனில்லை. எல்லை நாய்க்குத் தெரியாது. மாரி தொடங்குமுன் ஊசி போடும் நாள் ஊர்தோறும் குறிக்கப்படட்டும். கோயில் வளவிலோ பள்ளிக்கூட முற்றத்திலோ நடத்தலாம். நாய் வளர்க்கும் ஒவ்வொரு வீட்டாரும் பதிந்து, கழுத்து வாரும் இலக்கமும் கட்டட்டும். பதியாத நாய் கடித்தாலும் அதை வளர்த்தவர் யாரென்று தெரிந்தால் இழப்பீடு அவரிடம் பெறப்படட்டும்; செத்த ஆட்டுக்கும் அப்படியே. முதலிலே பெட்டை நாய்களுக்குக் கருத்தடை. பணம் குறைவாயிருக்கும்போது ஆண் நாய்க்குச் செலவிடுவது வீண். சோறு வைக்கும் தாய்மாரை விரட்டாதீர்கள். நாய் அவர்களை நம்பி வரும். பிடிப்பதற்கு வலை வீசுவோரைவிட அவர்களாலேயே உதவி அதிகம். சந்தியிலும் பள்ளி வாசலிலும் வைக்காமல், சபை குறித்த இடத்திலே வைக்கட்டும். வைக்கும் நாய்க்கு அவர்களே பொறுப்பாகப் பெயர் கொடுக்கட்டும். மீன் இறங்குதுறைகளிலும் இறைச்சிக்கடைகளின் பின்புறத்திலும் எறியப்படும் கழிவை அன்றன்று புதைக்க ஏற்பாடு வேண்டும். நான் சொன்ன எல்லாவற்றிலும் இதுவே முதலாவதாக வேண்டியது. கடைசியிலே சொல்கிறேன், ஏனெனில் இதைச் சொன்னாற் கடைக்காரர்கள் எழுந்து போய்விடுவார்கள் என்று அஞ்சினேன். (சிரிப்பு) குணமாகாத நோயாலோ விசராலோ வருந்தும் நாயை மிருக வைத்தியர் வலியின்றி முடித்துவிட வேண்டியிருக்கும். அதைக் கொலை என்று கூவி, அந்தச் சீவனைத் தெருவிலே மூன்று நாள் துடிக்க விடுவது அதற்கு இன்பமென்று நான் நம்பவில்லை.

இவற்றை எழுதிய மனு வாசலிலே மேசை மீது இருக்கிறது. மன்றங்களின் வரவு செலவுத் திட்டம் மார்கழியிலே நிறைவேறும். அதற்கு முன்பே மனு ஐந்து தவிசாளர்களுக்கும் போய்ச் சேர வேண்டும். ஒப்பமிடுவோர் தத்தம் ஊரையும், வீட்டில் எத்தனை நாய், அவற்றிற் பெட்டை எத்தனை, ஊசி போட்டது எந்த மாதம் என்பதையும் பக்கத்திலே குறியுங்கள். முசலிப் பக்கத்து நண்பர்கள் கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியிருப்பதால் அவர்களை முதலில் ஒப்பமிட விடுமாறு தலைவர் கேட்டுக்கொள்கிறார்.